வீட்டுக்குள் இடிக்கும் சுவருக்கும் அனுமதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை வடக்கு மாசி வீதிக்கு உட்புறமுள்ள தெரு ஒன்றில், பிறந்தது முதல் 66 ஆண்டுகளாகக் குடியிருப்பவன் நான். அரசுத் துறை ஒன்றின் கட்டுமானப் பிரிவில் 31 ஆண்டுகள் மேற்பார்வையாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றேன். எங்கள் தெருவில் இந்த ஆண்டு மட்டும், எனக்குத் தெரிந்தே நான்கு வீடுகளில் அடுப்படிப் புகைக்கூண்டை இடித்து எடுத்திருக்கிறார்கள். நான்கு வீட்டிலும் மாநகராட்சிக்கு ஒரு தாள்கூடப் போகவில்லை. பொறியாளர் எவரும் வந்து பார்க்கவில்லை. சுவரில் சரிபாதி உரிமையுள்ள பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. நான்காவது வீடு என் வீட்டை ஒட்டிய வீடு. பொதுச்சுவர் உள்ள வீடுகளில் பாரம் தாங்கும் எந்தப் பகுதியை இடிப்பதானாலும், அது முழுக்க வீட்டுக்குள் நடக்கும் வேலையாகவே இருந்தாலும், இடிக்கும் முன் பொறியாளரின் கணக்கும் மாநகராட்சியின் ஆய்வும் பக்கத்து வீட்டாருக்கு எழுத்து மூலமான அறிவிப்பும் கட்டாயம் என்று ஆக்க வேண்டும் எனக் கேட்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் பகுதி வீடுகளின் அமைப்பைச் சொன்னால்தான் விஷயம் விளங்கும். மாசி வீதிகளுக்கு உட்பட்ட பழைய வீடுகள் தெருவைப் பார்த்து முகம் குறுகியும் உள்ளே நீண்டும் இருப்பவை. என் வீட்டின் முகப்பு 13 அடி. வாசல் திண்ணையிலிருந்து கொல்லைக் கிணறு வரை 74 அடி. இரு பக்கமும் சந்து கிடையாது. வடக்கு வீட்டுக்கும் எனக்கும் நடுவே நிற்பது ஒரே சுவர். அந்தப் பொதுச்சுவரில் இரு வீட்டாருக்கும் சரிபாதி பாத்தியம் என்று என் பாட்டனார் காலத்துப் பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பிய ஒன்றரை அடிச் சுவர் அது. மேலே கட்டைக்குத்து மெத்தை என்னும் கூரைத்தளம். சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் கிடத்தி, தட்டைச் செங்கல்லைச் சாய்வரிசையாகக் குத்தி நிறுத்திச் சுண்ணாம்பில் பிடித்து, அதன் மேல் செங்கல் ஜல்லிக் காரையைக் கொட்டிப் பலகையால் அடித்து இறுக்கி, கடைசியாகத் தட்டோடு பதித்தது. இப்படிப்பட்ட வீட்டில் கம்பி கட்டிய தூணும் கிடையாது, பீமும் கிடையாது. மெத்தையின் எடை முழுவதும் சுவர் வழியாகத்தான் பூமிக்கு இறங்க வேண்டும். அந்த ஒரே சுவரின் மேல் தெற்கிலிருந்து என் வீட்டுக் கட்டைகளும் வடக்கிலிருந்து அவர்கள் வீட்டுக் கட்டைகளும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஒரு பக்கம் கை வைத்தால் மறுபக்கம் அசையும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

விறகும் கரியும் எரித்த காலத்தில் அடுப்படிக்குப் புகைக்கூண்டு இன்றியமையாததாக இருந்தது. அடுப்பு மேடைக்கு மேல் ஆள் உயரத்தில், பொதுச்சுவரிலிருந்து இரண்டு கருங்கல் தாங்கிகளை வெளியே நீட்டி, அவற்றின் மேல் கல் பலகையைக் கிடத்தி, அதிலிருந்து மூன்று பக்கமும் செங்கல் எழுப்பி, மெத்தையைத் துளைத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு மேல் ஆறடி உயரம் கொண்டுபோய், மழை இறங்காதபடி மேலே ஒரு கல்லை மூடிவைப்பார்கள். என் சிறு வயதில் பொங்கலன்று விடியற்காலையில் மொட்டைமாடியில் நின்றால், தெரு முழுவதும் கூண்டுகள் வரிசையாகப் புகைவதைப் பார்க்கலாம். பிறகு சமையல் எரிவாயு வந்தது. 2007 முதல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பும் இணைப்பும் கொடுத்த பின், எங்கள் தெருவில் வீட்டுக்குள் விறகு எரிப்பவர் இல்லாமலே போனார்கள். கூண்டு வெறும் தூசியும் புறா எச்சமும் சேரும் இடமாக நின்றுவிட்டது. அதை எடுத்தால் அடுப்படியில் நாலடி இடம் கிடைக்கும், அலமாரிகள் பொருத்தலாம், புகையை இழுக்கும் மின் சிம்னியை மாட்டலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் உயரக் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கிறது. கோபுரங்களின் காட்சியைக் காக்கும் அந்த விதியை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆனால் மகனுக்குக் கல்யாணம் ஆகி, பேரக்குழந்தைகளும் வந்து, குடும்பம் பெருகும்போது, மேலே போக முடியாதவர்கள் உள்ளுக்குள்தான் இடம் தேடுவார்கள். சுவரை எடுப்பதும், கூண்டை எடுப்பதும், இரண்டு அறையை ஒன்றாக்குவதும் எங்கள் பகுதியில் இவ்வளவு அதிகமாக நடப்பதற்கு அதுவும் காரணம் என்று நினைக்கிறேன். பயன்படாத கூண்டை எடுத்துவிட்டு இடத்தைப் பயன்படுத்திக்கொள்வதில் தவறு எதுவும் இல்லை. எடுக்கும் முறையைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

வைகாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, என் பூஜை மாடத்தில் ஏற்றி வைத்திருந்த விளக்கு நடுங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் உடைக்கும் இயந்திரத்தின் சத்தம். நான் எழுந்து போய்ப் பார்த்தபோது, கருங்கல் தாங்கிகள் இரண்டையும் ஏற்கெனவே பெயர்த்துத் தரையில் போட்டிருந்தார்கள். இரண்டு சவுக்குக் கம்புகளை முட்டாகக் கொடுத்திருந்தார்கள். அவற்றில் ஒன்று தளர்ந்து, கையால் தொட்டாலே ஆடியது. வீட்டுக்காரர் நல்ல மனிதர். என்னை மாமா என்று கூப்பிட்டு வளர்ந்தவர். "உள்வேலைக்கெல்லாம் பெர்மிஷன் தேவையில்லைன்னு சொல்லிட்டாங்க மாமா" என்றார். கொத்தனாரிடம் கேட்டேன். "கீழ மட்டும் எடுத்துட்டு மேல இருக்கிறத அப்படியே விட்டுர்றோம்யா. மெத்தையத் தொட்டா மழைக்கு ஒழுகும். இது சும்மா நிக்கிற செங்கல்தான்" என்றார். அன்று மாலைக்குள் கோண இரும்பை முக்கோணமாகப் பற்றவைத்த இரண்டு தாங்கிகளைப் பொதுச்சுவரில் நான்கு போல்ட்டுகளால் முடுக்கி, மீதிக் கூண்டை அவற்றின் மேல் நிறுத்திவிட்டு, முட்டுக் கம்புகளை உருவிவிட்டார்கள்.

அந்தக் கூண்டு சும்மா நிற்கும் செங்கல் இல்லை. அன்றிரவே பழைய பழக்கத்தில் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கூண்டின் முகம் மூன்றடி, பக்கங்கள் ஒன்றரை அடி வீதம் இரண்டு. மொத்தம் ஆறடிச் சுற்று. சுவர் கனம் நாலரை அங்குலம். வெட்டிய இடத்துக்கு மேல் மீதி இருப்பது மெத்தை வரை நாலடியும் மொட்டைமாடிக்கு மேல் ஆறடியுமாகப் பத்தடி உயரம். இருபத்திரண்டரை கனஅடிச் செங்கல் கட்டு அது. கனஅடிக்கு ஏறத்தாழ 54 கிலோ என்று வைத்தால் 1,200 கிலோவுக்கு மேல் வருகிறது. ஒரு கார் எடை. முன்பு அதைச் சுமந்தவை ஒன்றரை அடிச் சுவரின் முழுக் கனத்துக்குள்ளும் புகுந்து, மேலே சுவரின் பாரம் அழுத்த, அசையாமல் பிடிபட்டிருந்த கருங்கற்கள். இன்று அதைச் சுமப்பவை, நூறாண்டு ஆகி விரலால் சுரண்டினால் பொடியாக உதிரும் சுண்ணாம்புக் காரைக்குள் நாலங்குலம் போயிருக்கும் போல்ட்டுகள். சிமெண்டுக் கான்கிரீட்டில் பிடிப்பதைப்போல் பழைய சுண்ணாம்புச் சுவரில் போல்ட்டு பிடிக்காது. இதைப் பழைய கொத்தனார்கள் கட்டை விரலால் சுவரைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். இன்று வேலை செய்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கான்கிரீட் வீடுகளிலேயே தொழில் பழகியவர்களுக்குச் சுண்ணாம்புச் சுவரின் குணத்தை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒன்பதாம் நாள் என் பக்கத்துச் சுவரில், பூஜை மாடத்தின் மேல்மூலையிலிருந்து மெத்தைக் கட்டையை நோக்கிச் சாய்வாக ஒரு விரிசல் கண்டேன். என் மனைவி அதில் தன் விரல் நகத்தை வைத்துப் பார்த்தாள், நகம் நுழையவில்லை. விரிசல் உயிரோடு இருக்கிறதா, நின்றுவிட்டதா என்று அறிய ஒரு பழைய முறை உண்டு. மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரு முனையையும் காரையால் ஒட்டி, தேதி எழுதிவைக்க வேண்டும். சுவர் அசைந்தால் கண்ணாடி ஒடிந்துவிடும். நான் ஒட்டிய முதல் துண்டு பதினோராம் நாள் ஒடிந்தது. அன்று என் மனைவியின் நகம் அந்த விரிசலுக்குள் நுழைந்தது. பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் படுக்கும் இடம் அந்தச் சுவரோரம்தான்; பாயை எதிர்ப்பக்கம் மாற்றிப் போட்டோம்.

இதே வேலை முறையாக நடந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்பதால்தான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன். என் மகள் குடும்பம் கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் பகுதியில் வசிக்கிறது. 2023-ஆம் ஆண்டுக் கோடையில் நான் அங்கே தங்கியிருந்தபோது, அவர்கள் வாங்கிய நூறாண்டுப் பழைய வரிசை வீட்டில் புகைபோக்கிச் சுவரை எடுத்தார்கள். அங்கும் இருபுறமும் பொதுச்சுவர்தான். அறையைச் சூடாக்க நிலக்கரி எரித்த கணப்பும், அதற்கு மேல் புகைக்குழாயை உள்ளடக்கி அறைக்குள் ஓரடிக்கு மேல் துருத்தி நிற்கும் செங்கல் கட்டும், கீழ்த்தளத்திலிருந்து மாடி, பரண், கூரை எல்லாவற்றையும் கடந்து மேலே போகின்றன. 1952 டிசம்பரில் லண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டத்தால் ஆயிரக்கணக்கானோர் இறந்த பின், 1956-இல் தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்து நிலக்கரிப் புகையைக் கட்டுப்படுத்தினார்கள். குழாயில் வெந்நீர் ஓட்டி வீட்டைச் சூடாக்கும் முறை பரவியதும் கணப்புகள் வேலையற்று நின்றன. எரிவாயு வந்தபின் எங்கள் தெருக் கூண்டுகளுக்கு நேர்ந்தது அங்கே அதற்கு முந்தைய தலைமுறையிலேயே நேர்ந்துவிட்டது. கீழறை அகலமாகட்டும், மாடியில் இருப்பது இருக்கட்டும் என்றுதான் என் மருமகனும் தொடங்கினார். எங்கள் கொத்தனார் சொன்னதும் அதுவே.

ஆனால் சம்மட்டியைக் கையில் எடுக்கும் முன் அங்கே செய்ய வேண்டியவை இருந்தன. வீட்டின் வெளித்தோற்றம் மாறாததால் ஊரமைப்பு அனுமதி தேவைப்படவில்லை. கட்டடம் உறுதியாக நிற்குமா என்பதற்கான அனுமதி தேவைப்பட்டது. இவை இரண்டும் வேறு வேறு என்பதை நம் ஊரில் நாம் தெளிவாகப் பிரித்துப் பார்ப்பதே இல்லை. இங்கிலாந்தில் 1984-ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டத்தின் கீழ் 2010-இல் வகுத்த விதிகளில் முதல் பகுதியே கட்டமைப்பின் உறுதியைப் பற்றியது. புகைபோக்கிச் சுவரை எடுப்பது அதன் கீழ் வரும். பொறியாளர் ஒருவர் வந்து சுவர்களை அளந்தார். பரணுக்குள் ஏறி, மேலே எவ்வளவு செங்கல் இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் தம் பக்கத்துப் புகைபோக்கியை எடுத்துவிட்டாரா, வைத்திருக்கிறாரா என்று கேட்டார். இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும்போது சுவர் நேராக நிற்கும். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை இரும்புத் தாங்கியில் தொங்கவிட்டால், ஒரு பக்கச் சுமையை இறக்கிய காவடிபோல் சுவர் இழுபடும். முக்கோண இரும்புத் தாங்கிகள் அங்கேயும் ஒரு காலத்தில் பரவலாக இருந்தவைதாம். இன்று பல கவுன்சில்கள், அதாவது அங்குள்ள உள்ளாட்சி மன்றங்கள், அவற்றை ஏற்பதில்லை; ஏற்பவையும் சுவர் 9 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், காரை நல்ல நிலையில் இருக்க வேண்டும், அடுத்த வீட்டுப் புகைபோக்கி அப்படியே இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுகின்றன. ஆகவே அவர் இரு ஓரச் சுவர்களிலும் அழுத்தமான தாங்கு கற்களை வைத்து, அவற்றின் மேல் இரும்பு உத்தரத்தைக் கிடத்தும்படி வரைபடமும் கணக்கும் எழுதிக் கொடுத்தார். அதைக் கவுன்சிலில் கொடுத்து ஒப்புதல் வாங்கிய பின்தான் வேலை தொடங்கியது.

உத்தரம் ஏற்றிய மறுநாள் கவுன்சிலின் கட்டட ஆய்வாளர் வந்தார். பூச்சுப் பலகை அடித்து மறைக்கும் முன் அவர் பார்த்தாக வேண்டும். உத்தரத்துக்கும் அதன் மேல் உட்காரும் பழைய செங்கல்லுக்கும் இடையிலுள்ள இடுக்கில் ஒவ்வோரிடமாக விரலை வைத்து அழுத்திக்கொண்டே வந்தார். ஒரு மூலையில் காரை இறுகவில்லை. அதைக் குத்தி நிரப்பச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள் திரும்பி வந்து, அதே மூலையில் அதே விரலை வைத்துப் பார்த்த பிறகே முட்டுகளை எடுக்கவிட்டார். தீப்பிடித்தால் அரை மணி நேரமாவது உத்தரம் தாங்கும்படி அதைப் பலகையால் மூடச் சொன்னார். மேலே மீந்திருக்கும் புகைக்குழாயில் ஈரம் தேங்காமலிருக்கக் காற்றுத் துளை விட்டிருக்கிறார்களா என்றும் பார்த்தார். அதன் பின் வேலை முடிந்ததற்கான சான்றிதழ் வந்தது. 31 ஆண்டு இதே தொழிலில் இருந்த எனக்கு, அந்த ஒரு விரல் ஆய்வு அவ்வளவு மரியாதையை உண்டாக்கியது.

பக்கத்து வீட்டாருக்கும் அங்கே தனிச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய 1996-ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டம், பொதுச்சுவரிலிருந்து துருத்தி நிற்கும் புகைபோக்கியை வெட்டி எடுப்பதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வேலை தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே பக்கத்து வீட்டாருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். பதினான்கு நாளுக்குள் அவர் எழுத்தில் சம்மதிக்காவிட்டால் தகராறு இருப்பதாகவே கொண்டு, அளவையாளர் மூலம் தீர்க்க வேண்டும். என் மகள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு மூதாட்டி தனியாக இருந்தார். வேலைக்கு முன் அளவையாளர் அவர் வீட்டுக்குள் ஒவ்வோர் அறையாகப் போய், முடிபோன்ற பழைய விரிசலைக்கூட விடாமல் படம் எடுத்து, தேதி போட்டு இரு வீட்டாருக்கும் கொடுத்தார். எங்கள் தெருவில் அப்படி ஒரு படம் இருந்திருந்தால், என் சுவர் விரிசல் முன்பே இருந்ததுதானே என்று இன்று எவரும் கேட்க முடியாது.

அனுமதி பெறாமல் செய்தவர்களை அங்கே சட்டம் சும்மா விட்டுவிடுவதில்லை. வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் வழக்கறிஞர் அந்தச் சான்றிதழைக் கேட்பார். நம் ஊரில் வில்லங்கச் சான்று கேட்பதைப்போல. 1985 நவம்பர் 11-க்குப் பின் அனுமதியின்றிச் செய்த வேலையைப் பிற்பாடு முறைப்படுத்திக்கொள்ளவும் வழி உண்டு. அதற்குப் பூச்சை உடைத்துக் காட்ட வேண்டியிருக்கும். விதியை மீறிய வேலையைச் சரிசெய்யவோ அகற்றவோ உத்தரவிடும் காலவரம்பு முன்பு ஓராண்டாக இருந்தது. 2022-ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், 2023 அக்டோபர் முதல் அது பத்து ஆண்டாகியிருக்கிறது.

நம்மிடம் விதியே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் வந்தன. 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் சுயசான்று அடிப்படையில் இணையதளத்திலேயே உடனடியாக அனுமதி பெறும் திட்டத்தை 2024 ஜூலையில் அரசு தொடங்கியது. நடுத்தரக் குடும்பங்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் மனையின் அளவு, சாலையின் அகலம், சுற்றிலும் விடவேண்டிய இடம், உயரம் என்று வெளியிலிருந்து அளக்கக்கூடியவற்றில்தான் நம் கவனமெல்லாம் இருக்கிறது. ஏற்கெனவே நிற்கும் வீட்டுக்குள் எதை எடுக்கிறார்கள் என்று கேட்பவர் இல்லை. 'உள்வேலைக்கு அனுமதி தேவையில்லை' என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குப் புரிகிறது. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் வெள்ளையடித்தல், பூச்சு, தரை மாற்றுதல், கதவு சன்னலுக்குத் திறப்பு விடுதல், தடுப்பு அமைத்தல் போன்ற வேலைகளுக்கு வரைபட ஒப்புதல் வேண்டியதில்லை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலுக்கு முன்னாலேயே ஒரு நிபந்தனையும் இருக்கிறது: அவ்வேலைகள் கட்டமைப்பின் உறுதிக்கும் தீப்பாதுகாப்புக்கும் உரிய விதிகளை மீறாதிருக்க வேண்டும். பட்டியல் மட்டும் ஊர் முழுவதும் பரவிவிட்டது; நிபந்தனையை எவரும் சொல்லக் கேட்கவில்லை.

நீதிமன்றத்துக்குப் போகலாமே என்று நண்பர்கள் சிலர் சொன்னார்கள். 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டப்படி, ஒரு கட்டடம் அடுத்த இடத்தின் ஆதாரத்தை இருபது ஆண்டு இடையூறின்றி அனுபவித்திருந்தால் அந்த ஆதாரத்தைப் பெறும் உரிமை அதற்கு உண்டாகிவிடுகிறது. என் வீட்டுக்கு அந்த உரிமை உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சுவர் விரிந்த பின், கூரை சாய்ந்த பின் வழக்காடிப் பெறும் உரிமை அது. வழக்கு முடியும்வரை மெத்தை காத்திருக்காது. 2021 டிசம்பரில் கீழவெளி வீதியில் பழைய கட்டடம் ஒன்று நள்ளிரவில் இடிந்து, ரோந்துப் பணியில் நின்ற தலைமைக் காவலர் ஒருவர் உயிரிழந்ததை மதுரை மறந்திருக்காது. அது உள்வேலையால் விழுந்தது என்று நான் சொல்லவில்லை. சுண்ணாம்புக் கட்டடங்கள் மழைக்காலத்தில் எச்சரிக்கை தராமல் விழக்கூடியவை என்பதையும், விழும்போது யார் கீழே நிற்கிறார்கள் என்று பார்ப்பதில்லை என்பதையும் அந்த இரவில் நாம் கண்டோம்.

ஆகவே மாநகராட்சி ஆணையாளர் அவர்களையும் நகராட்சி நிர்வாகத் துறையையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இப்போதுள்ள ஒற்றைச்சாளர இணையதளத்திலேயே, பழைய வீட்டின் பாரம் தாங்கும் பகுதியை எடுப்பதற்கென்று ஒரு பக்க விண்ணப்பம் சேர்த்தால் போதும். எந்தச் சுவர், அதன் மேல் என்ன உட்கார்ந்திருக்கிறது, எடுத்த பின் அந்த எடை எதன் மேல் போகும், வேலை நடக்கும்போது முட்டு எங்கே என்று பதிவுபெற்ற பொறியாளர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பொதுச்சுவராக இருந்தால் பக்கத்து வீட்டாருக்கு முப்பது நாள் முன்னதாக அறிவித்ததற்கான நகலும், அவர் வீட்டுச் சுவரின் படங்களும் அதனுடன் இருக்க வேண்டும். பூசி மறைக்கும் முன் ஒரு முறை, ஒரே ஒரு முறை, பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்க்க வேண்டும். முடிவில் ஒரு சான்று தர வேண்டும். வீட்டை விற்கும்போது அதுவும் பத்திரக் கட்டோடு சேர்ந்து போகட்டும்.

இன்னோர் அனுமதியா, இன்னும் எத்தனை முறை அலைவது என்று மக்கள் கேட்பார்கள். அந்த அச்சம் நியாயமானது; நானும் அலுவலகப் படிகளில் ஏறி இறங்கியவன்தான். பதினைந்து நாளுக்குள் மாநகராட்சி பதில் சொல்லாவிட்டால், பொறியாளரின் கையெழுத்தை நம்பி வேலையைத் தொடங்கலாம் என்று விதியிலேயே எழுதிவிடலாம்; கட்டணத்தையும் சிறிதாக வைக்கலாம். செலவைப் பொறுத்தவரை, என் பக்கத்து வீட்டார் புதிய அடுப்படிக்கு இரண்டே முக்கால் லட்சம் செலவிட்டதாக அவரே சொன்னார். பொறியாளர் ஒருவரை அழைத்து வந்து காட்டியிருந்தால் சில ஆயிரங்களில் முடிந்திருக்கும். பணம் இல்லாததால் அவர் அதைச் செய்யாமல் விடவில்லை. செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லாததால் விட்டார்.

விதி வரும்வரை வீட்டுக்காரர்களிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பழைய வீட்டில் கூண்டை எடுப்பதானால் மேலிருந்து கீழாக எடுங்கள். மொட்டைமாடியிலுள்ள பகுதியை முதலில் கல் கல்லாக இறக்கி, மெத்தையின் துளையை முறையாக மூடி, கடைசியில்தான் அடுப்படிப் பகுதிக்கு வர வேண்டும். அதிரும் உடைப்பு இயந்திரத்தைச் சுண்ணாம்புச் சுவரில் வைக்கவே கூடாது; உளியும் சுத்தியும் போதும். கூண்டின் முதுகு பொதுச்சுவரில் எவ்வளவு தூரம் புகுந்திருக்கிறது என்று தெரியாமல் அதைக் குடைந்தால் சுவரே பாதிக் கனமாகிவிடும். எங்கள் சுவரில் ஓரிடத்தில் அப்படி ஆகியிருக்கிறது. இப்போது அவர்கள் வீட்டு மிக்ஸி ஓடும் சத்தம் என் பூஜை மாடத்தில் தெளிவாகக் கேட்கிறது.

பக்கத்து வீட்டாரோடு எனக்குப் பகை இல்லை. சென்ற மாதம் என் செலவிலேயே ஒரு பொறியாளரை அழைத்து வந்து இருவருமாகக் காட்டினோம். தாங்கிகளை நம்பக் கூடாது, மேலே இருப்பதை ஐப்பசி மழைக்கு முன் இறக்கிவிட வேண்டும் என்று அவர் சொன்னதை அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதுவரைக்கும் அவர்கள் அடுப்படியில் புதிய அலமாரிகளுக்கு நடுவே இரண்டு இரும்பு ஜாக்கிகள் நிற்கின்றன. என் பக்கத்தில் இரண்டாவது கண்ணாடித் துண்டும் ஒடிந்துவிட்டது. மூன்றாவதை ஆடிப்பெருக்கன்று ஒட்டினேன். ஜாக்கி கொடுத்த பின் ஒட்டியது அது, இன்றுவரை முழுசாக இருக்கிறது. ஒடிந்த இரண்டையும் தேதியோடு சுவரிலேயே விட்டுவைத்திருக்கிறேன். மாநகராட்சிப் பொறியாளர்கள் வந்து பார்க்க விரும்பினால், எந்த நாளில் வந்தாலும் நான் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டுமான மேற்பார்வையாளர்,
வடக்கு மாசி வீதிப் பகுதி,
மதுரை.